வாகனப் புத்தகத்தில் எழுதிய நிறம்

"வெள்ளை எடுப்பம் அப்பா, வெயிலுக்குச் சூடேறாது" என்றாள் மகள். காத்தான்குடிக் கார்க்கடையில் நிறங்கள் அச்சிட்ட அட்டை என் மடியில் கிடந்தது. அதைக் கவிழ்த்து வைத்தேன்.

குருக்கள்மடத்தில் என் அப்பா வெள்ளை வான் ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். வெள்ளை வானில் ஆட்களைக் கடத்திய காலம் அது. எங்கள் வான் ஒழுங்கைக்குள் திரும்பினாலே சனம் ஓடி ஒளியும். பொறுக்க முடியாமல் ஒருநாள், தோணிக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயின்டை வான் முழுக்க அடித்தார்.

"இனி வாவிக்குள்ள விடுங்க, மிதக்கும்" என்று அம்மா சிரித்தார்.

மறுநாள் சிறுவனான நானும் வானில் போனேன். சோதனைச்சாவடியில் சிப்பாய் வாகனப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தான். அதில் வெள்ளை என்றிருந்தது. "கள்ள வானா?" என்று கேட்டு அப்பாவை உள்ளே கொண்டுபோனான். வானின் பெயின்ட் மணத்துக்குள் நான் பொழுது சாயும்வரை தனியே இருந்தேன். திரும்பி வந்தவரின் இடுப்புச் சாரன் முன்பக்கம் நனைந்திருந்தது.

அதன்பிறகு எத்தனையோ ஊர்களில் லொறி ஓட்டிவிட்டேன். அந்த மணம் வந்தால் இன்னும் லொறிக் கண்ணாடியை இறக்கிவிடுவேன்.

"என்னப்பா, வெள்ளைதானே?"

"ஓம் மகள்."

கடைக்காரரிடம் திரும்பினேன். "தம்பி, புத்தகத்திலயும் வெள்ளை எண்டுதானே எழுதுவீங்க?"

அவர் சிரித்தார். நான் இரண்டாம் தரமும் கேட்டேன்.