என் மீனை வைத்துச் சொன்ன பொய்

எங்கள் வீதிக் கிணற்றைக் கெடுத்தவர், துணி வெளுக்கிற பிளீச்சிங் பட்டறையின் முதலாளி. கெடுத்தது போதாதென்று, கிணறு கெடவேயில்லை என்று எல்லோர் முன்னாலும் நின்று பொய் சொன்னார். அந்தப் பொய்க்குச் சாட்சியாக என் மீனைத் தூக்கிக்கொண்டு போனார். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது.

எழுபதுகளின் தொடக்கம். திருப்பூரிலிருந்து வீரபாண்டி போகிற பாதையை ஒட்டி எங்கள் வீதி. நான் ஒரு பனியன் கம்பெனியில் பனியன்களை மடித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் அந்தப் பட்டறையில் துணி அலசினார். பட்டறைக்கும் எங்கள் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் நடுவில் ஒரு முள்வேலி, அவ்வளவுதான்.

என் அண்ணன் பனியன் மூட்டைகளோடு மதராசுக்குப் போய்வருகிறவர். ஒரு தடவை வரும்போது பாட்டிலில் ஒரு சண்டை மீனைக் கொண்டுவந்தார். உடம்பு நீலம், வால் சிவப்பு.

"இதுகூட இன்னொண்ணப் போட்டறாத. கடிச்சே கொன்னுபோடும்."

"அப்ப என்னையாட்டம்னு சொல்லு" என்றேன்.

படத்துக்குச் சட்டம் போடுகிறவரிடம் சொல்லி, தகரச் சட்டத்தில் கண்ணாடி பதித்து ஒரு சின்னத் தொட்டி செய்துகொண்டேன். ஆற்று மணலை அலசி அடியில் போட்டேன். குளத்தில் இருந்து வேலம்பாசி பிடுங்கிவந்து நட்டேன். பாசி தழைத்து மேலே வந்தது. மீன் அந்தப் பாசிக்கு அடியில் நுரையால் கூடு கட்டும். வேலை முடிந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். "அடுப்புப் பத்தவெச்சுட்டு மீன் பாக்கலாமல்ல?" என்பார் வீட்டுக்காரர். கேட்காத மாதிரி இருப்பேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

சண்டை மீனுக்கு ஒரு குணம் உண்டு. மற்ற மீன்கள் தண்ணீருக்குள் இருக்கிற காற்றை நம்பி வாழும். இது அடிக்கடி மேலே வந்து, வாயைத் திறந்து, வெளிக்காற்றை ஒரு வாய் குடித்துவிட்டு இறங்கும். அதனால்தான் மற்ற மீன் மூச்சுமுட்டிச் சாகிற தண்ணீரிலும் இது கிடக்கும்.

இது முதலாளிக்குத் தெரியும். தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. நான்தான் சொன்னேன். ஒரு லீவு நாளில் வீட்டுக்காரரை வேலைக்குக் கூப்பிட வந்தவர், தொட்டியைப் பார்த்துக் குனிந்தார்.

"ஏனம்மணி, மோட்டார் ஒண்ணுமில்லாம இது எப்படிப் பொழைக்குது?"

"மேல வந்து காத்துக் குடிச்சுக்குமுங்க. சாக்கடையில போட்டாலும் தாங்கும்."

"அட, கெட்டிக்கார மீனு!"

"மீனு கெட்டிக்காரந்தானுங்க. பாசிதான் பாவம். உங்க பட்டறைத் தண்ணி கெணத்துல எறங்குது. அந்தத் தண்ணிய ஊத்த ஊத்த, பாருங்க, கூழாட்டம் போச்சு."

"பாசி போனா வேற பாசி புடுங்கிப் போடு அம்மணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாசி மட்டுமா போயிற்று? துணி வேகவைத்த காஸ்டிக் சோடாத் தண்ணீரும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரும் அவருடைய மண் வாய்க்காலில் ஓடி, கிணற்றுப் பக்கம் தேங்கி, உள்ளே இறங்கின. பருப்பு வேகவில்லை. சோறு மஞ்சளாக வந்தது. தண்ணீர் நாக்கில் கரித்தது, நாற்றம் வேறு. ஒருநாள் காலையில் கிணற்றில் விட்டிருந்த கெண்டைகள் வயிறு மேலே தெரிய மிதந்தன.

எங்கள் பக்கத்தில் மீன் இருக்கிற கிணறுதான் நல்ல கிணறு. அதற்கு மேல் யாரும் யோசிக்கமாட்டார்கள். மீன் செத்ததும் வீதியே கிளம்பிவிட்டது. வாய்க்காலைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிடுவது, அவர் வேறு பக்கம் வாய்க்கால் வெட்டிக்கொண்டு போகட்டும் என்று முடிவானது. கம்பெனிகளுக்கு நூலும் எலாஸ்டிக்கும் விற்கிற பக்கத்து வீட்டு பாய், தன் செலவில் ஒரு வண்டிக் கல் கொண்டுவந்து இறக்கினார்.

முதலாளி ஓடிவந்தார். கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராது.

"ஏனுங்க, கல்லெல்லாம் எதுக்குங்க? மீனு செத்துப்போச்சுன்னுதான உங்களுக்கு வருத்தம்? ஞாயித்துக்கெழம இதே கெணத்துத் தண்ணியில மீன உட்டுக் காட்டறனுங்க. செத்துதுன்னா மொதக் கல்ல நானே போடறன்."

சரி என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் மாவு மில்லுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் தொட்டியில் மீனைக் காணோம்.

"மொதலாளி கேட்டாரு. அவருகிட்ட எப்படி இல்லைங்கறது?" என்றார் வீட்டுக்காரர். அவரே கை விட்டுப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

மாவுத் தூக்கை வைத்துவிட்டு ஓடினேன். கிணற்றடியில் கூட்டம். எல்லோரும் பார்க்க ஒரு வாளி சேந்தி, பெரிய மிட்டாய் பாட்டிலில் ஊற்றியிருந்தார்கள். உள்ளே என் மீன். செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் முட்டியது. மேலே வந்து காற்றைக் குடித்தது, இறங்கியது.

"பாத்தீங்களா, என்ன ஆட்டம் போடுது!" என்றார் முதலாளி.

"அது மேல வந்து காத்துக் குடிச்சுட்டுப் போகுதுங்க!" என்று கத்தினேன். "அது பொழச்சா தண்ணி நல்ல தண்ணின்னு ஆயிருமா? கெண்டைய உடச் சொல்லுங்க!"

"மீனு மூக்கால மூச்சு உடுதாமா!" என்றான் ஒருத்தன். "அப்ப அதுக்குச் சளி புடிக்குமாக்கும்?" என்றான் இன்னொருத்தன். கூட்டம் சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள்.

"அம்மணி, நீயே வளத்த மீனு" என்றார் முதலாளி, பாட்டிலைத் தூக்கிக் காட்டி. "அதே உன்னையப் பொய்யாக்குது பாரு."

பாய் மட்டும், "ஒரு கெண்டையவும் உட்டுப் பாத்துரலாமுங்களே" என்றார்.

"இந்நேரத்துக்குக் கெண்டைக்கு எங்க போறதுங்க பாய்? வெயில் ஏறுது. எல்லாருக்கும் சோலி கெடக்குது" என்றார் முதலாளி.

நான் மறுபடி வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்து, "சும்மா இரு, சோத்துல மண்ணப் போட்டறாத" என்றார். அவருக்கு வேலை முக்கியம். கூட்டம் கலைந்தது. வாய்க்காலை அடைக்க வந்த கல்லை ஆளாளுக்குத் துணி துவைக்க எடுத்துக்கொண்டு போனார்கள்.

மீன் திரும்பி வரவில்லை. கேட்கப் பட்டறை ஆபீசுக்கே போனேன். அவர் மேசைமேல் அதே பாட்டில் இருந்தது. உள்ளே மணலும் இல்லை, பாசியும் இல்லை. தண்ணீரைப் பற்றிக் குறை சொல்லி வருகிறவர்களுக்கெல்லாம் மீனைக் காட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. பாட்டிலைத் தூக்கி ஒரு வாய் குடித்தேன். கரிக்கவில்லை. இனித்தது.

"இது எந்தத் தண்ணிங்க?"

அவர் கணக்கு நோட்டைப் புரட்டினார். சன்னல் வழியாக நானே பார்த்தேன். பட்டறைக்குப் பின்னால் அவர் வீடு. வாசலில் குடிதண்ணீர் விற்கிற பீப்பாய் வண்டி நின்றது. வண்டிக்காரர் குடம் குடமாக உள்ளே கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மீனுக்கு நல்ல தண்ணி ஊத்தறீங்க. எங்களுக்கு?"

"வெயில்ல வந்திருக்கறீங்க. டீ சாப்புடறீங்களா அம்மணி?" என்றார். அதுவரை வா போ என்று பேசியவர், அன்றைக்குத்தான் எனக்கு மரியாதை கொடுத்தார்.

பாட்டிலோடு மீனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் போய்த் தொலைந்தால் போதும் என்று அவரும் தடுக்கவில்லை. நடந்ததை வீதியில் வீடு வீடாகச் சொன்னேன். "முடிஞ்சுபோன கதை, உடு அக்கா" என்றார்கள். அந்தத் தண்ணீரையே குடித்தார்கள், நானும் குடித்தேன். வேறு ஏது? பிறகு பட்டறையில் சாயமும் போட ஆரம்பித்தார்கள், தண்ணீரில் நிறம் கண்டது. அதற்குமேல் யாரும் வாளி விடவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப்பக்கக் குழாயில் போய் நின்றவர்கள், அன்றைக்குச் சிரித்த அதே பெண்கள்தான். கிணற்றில் குப்பை கொட்டினார்கள். கடைசியில் மண் போட்டு மூடினார்கள்.

இப்போது அவர் பெரிய மனிதர். சித்திரை வெயிலில் கடைவீதியில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறார். மாலை போடுகிறார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதைவிடப் புண்ணியம் இல்லை என்று மைக்கில் பேசுகிறார். போன வருடம் கூட்டத்தில் நின்று நானும் கேட்டேன்.

முதலாளி, இந்த வருடமும் மைக் உங்கள் கையில்தான் இருக்கும். புண்ணியத்தை அப்புறம் பேசுங்கள். எங்கள் கிணறு நல்ல கிணறு என்று நீங்கள் சொன்ன அந்த வருடம், அதிலிருந்து உங்கள் வீட்டில் யாராவது ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தீர்களா? பீப்பாய் வண்டி எதற்கு வந்தது? என்னிடம் தனியாகச் சொல்லவேண்டாம், டீயும் வேண்டாம். அந்த மைக்கிலேயே, கடைவீதி முழுக்கக் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.