கை பொறுக்கும் சூடு

அடுப்பு மூடியின் மேலிருந்த, சூடு காட்டும் முள் நூற்றிருபதில் நின்றது. நூற்றிருபது டிகிரியில் எவளாவது புகை போடுவாளா? முப்பது வருஷம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டவள் நான். ஷீட் தொங்கும் புகைப்புரைக் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டினால் கை பொறுக்க வேண்டும். பொறுக்கவில்லை என்றால் சூடு கூடிவிட்டது, ஷீட்டில் குமிழி விழும், முதல் தரம் போய் மூன்றாம் தரம் ஆகிவிடும். அதையும் தாண்டினால் தீ. என் புகைப்புரை ஒருமுறை முழுசாக எரிந்துபோனது. அன்றைக்குக் கருகின இடது புருவம் இன்றுவரை சரியாக முளைக்கவில்லை.

ஆனால் அன்று புகைந்துகொண்டிருந்தது ரப்பர் இல்லை. நாலு கிலோ மாட்டிறைச்சி.

அடுப்பு என் தம்பியுடையது. அவனும் அவன் மனைவியும் இருபத்திரண்டு வருஷம் மஸ்கட்டில் வேலை பார்த்தார்கள். அவன் அங்கிருந்து ஊருக்கே வந்துவிட்டபோது கார்கோவில் எல்லோரும் டி.வி., ஃபிரிட்ஜ் என்று போடுவார்கள், இவன் இதைப் போட்டான். மூன்று கால், கறுத்த உருண்டை வயிறு, மேலே கவிழ்த்த மூடி. அடியில் கரி போட்டு, கரியின் மேல் கொய்யாக் கட்டை இரண்டு வைத்து, இறைச்சியை ஓரமாகக் கிடத்தி மூடிவிட்டால் எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம் கிடந்து புகையிலேயே வேகுமாம். வெள்ளிக்கிழமைதான் அங்கே லீவு, வெள்ளிக்கிழமைதோறும் மொட்டைமாடியில் இதைத்தான் செய்வோம் அக்கா, அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் வேலைக்குப் போனேன் என்று ஒருநாள் சொன்னான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஊரைப் பற்றி அவன் சந்தோஷமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவன் மகளை ஏழாம் மாதம் எங்கள் வீட்டில் கொண்டுவிடும் நாள். மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. மூன்றாவதாகத் தங்கியது இது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசக்கூட மாட்டோம், கண் பட்டுவிடுமோ என்று. அவளைப் பெற்றதுதான் தம்பி மனைவி. எட்டு மாதக் கைக்குழந்தையாக என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். வளர்த்தது நான். கணவர் இறந்துபோய்த் தாய்வீட்டுக்கு வந்துவிட்ட எனக்கு ஒரு ஏக்கர் ரப்பரும் அந்தப் பிள்ளையும்தான் வாழ்க்கை.

தம்பி விடிகாலையில் அடுப்பைப் பற்றவைத்து, உள்ளே ஒரு கம்பியையும் செருகி வைத்தான். எட்டு மணிக்கு எல்லோரும் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குக் கிளம்பினார்கள். எனக்கு முட்டுவலி, அதனால் வீட்டில் இருந்தேன். போகும்போது என்னிடம் சொன்னான்: "அக்கா, மூடியத் தொறக்காண்டாம், ஒண்ணையும் தொடாண்டாம். தீ பிடிக்காம மட்டும் பாத்துக்கோ. பொகை விஷயத்துல ஒன்னவிட ஆளு உண்டா?"

அந்தக் கடைசி வார்த்தை என் தலையில் ஏறிவிட்டது. முள் எத்தனையில் நிற்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டான். நானும் கேட்கவில்லை, எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

கார் போனதும் அடுப்பின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் முள்ளைப் பார்த்தேன். மூடியில் கையை வைத்தேன், சுரீரென்றது. பக்கத்தில் ஓலைக் குவியல், அதற்கப்பால் விறகுப்புரை. எனக்குப் பழைய நெருப்பு கண்முன்னே வந்துவிட்டது. ஒன்றையும் தொடாதே என்று அவன் சொன்னது காதில் இருந்தது. இருந்தும், தீ பிடிக்காமல் பார்த்துக்கொள் என்று சொன்னதும் அவன்தானே? அடியில் காற்று போகிற ஓட்டைகளுக்கு ஒரு தகட்டுப் பிடி இருந்தது. அதைத் தள்ளி, நூலளவு மட்டும் விட்டு அடைத்தேன்.

முள் மெல்ல இறங்கியது. தொண்ணூறு, எழுபது. ஐம்பத்தைந்துக்கு வந்து நின்றது. மறுபடி மூடியில் கை வைத்துப் பார்த்தேன். பொறுத்தது. நீலமாக மெல்லிய புகை மேலோட்டை வழியாக வந்துகொண்டிருந்தது. முதல் தரப் புகை. இந்தப் பயலுக்கு இத்தனை வருஷத்தில் இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். ஆமாம், சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

பத்தரைக்குக் கோயில் ஒலிபெருக்கியில் கடைசிப் பாட்டு கேட்டது. எழுந்து தகட்டைப் பழையபடி திறந்துவிட்டேன். ஏன் திறந்தேன் என்று பல நாள் என்னையே கேட்டிருக்கிறேன். தப்பு செய்கிறோம் என்று தெரியாதவள் திறந்திருக்க மாட்டாள்.

அவர்கள் வந்து சேர்வதற்குள் முள் நூற்றிருபதுக்கு வந்துவிட்டது. தம்பி பார்த்துவிட்டுத் தோளில் தட்டினான். நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஒன்றரை மணிக்கு இறைச்சியை எடுத்தான். வெளியே கரிக்கட்டைபோலக் கறுத்து, மிளகும் உப்பும் மொறுமொறுவென்று பிடித்து, வாசனை ரோடுவரை போயிருக்கும். எல்லோரும் பசியில் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் கிடந்தால் நல்லது என்று அவன் முணுமுணுத்தான், அவன் மனைவி அவசரப்படுத்தினாள். வெட்டும்போது நடுவில் சிவப்பாக இருந்தது. சம்பந்தி அம்மா முகம் சுளித்தாள். புகை ஏறின இறைச்சி அப்படித்தான் இருக்கும், அதுதான் அதன் அழகு என்று தம்பி சொன்னான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்குப் பல் இல்லை என்று ஓரத்துக் கருகலை மட்டும் சோற்றோடு பிசைந்து தின்றேன். நடுவிலிருந்த மெத்தென்ற துண்டுகளைப் பொறுக்கி, நாலு துண்டு, பிள்ளையின் இலையில் நானே வைத்தேன். போதும் அத்தை என்றாள். வயிற்றுக்குள் இருப்பதும் சாப்பிடவேண்டாமா என்று இன்னும் ஒன்று வைத்தேன்.

ஐந்து மணிக்குச் சம்பந்தி வாந்தி எடுத்தார். பிறகு மாப்பிள்ளை. அடுத்தது அவள். குளியலறையிலிருந்து வெளியே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அத்தை, வயிறு கல்லுமாதி இறுகுது" என்றாள். அந்த ஐம்பத்தைந்து என் கண்முன்னே வந்து நின்றது. இரண்டேகால் மணி நேரம் அந்த இறைச்சி வேகவில்லை, வெதுவெதுப்பில் கெட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதை அப்போதுதான், அந்த நொடியில்தான், என் மண்டைக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்கையில் போட்டு டிரிப் ஏற்றினார்கள். உடம்பில் நீர் வற்றிப்போய் வலி வந்திருக்கிறது, வலி நிற்காவிட்டால் பிள்ளையை எடுக்க வேண்டிவரும், ஏழு மாதத்தில் எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வராந்தாவில் உட்கார்ந்தோம். ஜெபம் பண்ணக்கூட எனக்கு வாய் வரவில்லை. என்ன சொல்லி ஜெபிப்பது? நான் செய்ததை நீ சரியாக்கு என்றா?

மறுநாள் காலை எட்டு மணிக்கு நர்ஸ் வந்து வலி நின்றுவிட்டது, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சம்பந்தி அம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அதுவரை பயம் மட்டும்தான் இருந்திருக்கும். வெளிநாட்டு வித்தை காட்டுவதற்கு எங்கள் மருமகள்தான் கிடைத்தாளா, இரண்டு போனது போதாதா என்று தம்பியை நிற்கவைத்துக் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, கரி நனைந்திருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை, என் தப்புதான் என்றான்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து வாயைத் திறந்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து, டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிப் படியிறங்கிக் கூட்டிக்கொண்டு போனான். மருந்துக்கடைப் பக்கம் நிறுத்தித் தன் போனை எடுத்துக் காட்டினான். அடுப்புக்குள் ஒரு கம்பி செருகி வைத்திருந்தானே, எதற்கென்று நான் கேட்கவேயில்லை. அதுதான் நிமிஷத்துக்கு நிமிஷம் சூட்டைப் போனில் எழுதி வைத்திருக்கிறது. மேலே நேராகப் போன கோடு எட்டேகாலுக்குக் கீழே விழுகிறது. அடியிலேயே கிடக்கிறது. பத்தரைக்கு மறுபடி ஏறுகிறது.

முந்தின நாள் சாயங்காலமே ஆம்புலன்சில் வைத்து இதைப் பார்த்துவிட்டானாம். ராத்திரி முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எனக்கு டீ வாங்கித் தந்தான்.

"மக்கா, நான் தான்..." என்றேன்.

"எனக்குத் தெரியும். நீ சொல்லாண்டாம் கேட்டியா. நான் அப்பன், என்னைய என்ன வேணும்னாலும் ஏசட்டு, நாலு நாளு கழிஞ்சா சரியாவும். நீ செஞ்சதுன்னு தெரிஞ்சா பேறுகாலத்துக்கு ஒன்ன அவ பக்கத்துல அண்ட விட மாட்டாவ. அவளுக்கு நீ வேணும்."

சொல்லிவிட்டு என் கண்ணெதிரிலேயே அந்தக் கோட்டை அழித்தான்.

அடுத்த வாரம் அடுப்பைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டான். வேண்டாம்டா என்று கெஞ்சினேன். பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றான். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளைப் பற்றி அவன் பேசியதே இல்லை.

குழந்தை மாதம் நிறைந்து பிறந்தது. பெண். இப்போது எட்டு மாதம். சம்பந்தி வீட்டில் ஒரு விசேஷம் என்றால் என் தம்பியை அடுக்களைப் பக்கம் விடாதீர்கள் என்று இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிக்கிறான்.

போன வாரம் பிள்ளை குழந்தையோடு வந்திருந்தாள். தம்பி ராகிக் கூழ் காய்ச்சி, கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஆசையாகப் பேத்திக்கு ஊட்ட வந்தான். அவள் சட்டென்று குழந்தையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா, நீங்க குடுக்காண்டாம். ஒங்களால நான் பட்டது போதும். அத்தை கையால குடுத்தா மட்டும்தான் எனக்குத் தைரியம்."

விளையாட்டாகச் சொன்னதுபோல இருந்தது. விளையாட்டு இல்லை. தம்பி என் முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தை என்னிடம் நீட்டினான்.

வாங்கிக்கொண்டேன். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், கை பொறுத்தது. குழந்தை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.