அழிந்துபோன ஏழு நிமிடங்கள்

2006ஆம் ஆண்டு, மாசி மாதத்துக் கடுங்குளிர். ஒஸ்லோவில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் நிலவறையில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. நகரின் ஓரத்தில், குரோருட்டில் அம்மாவோடும் அக்காவோடும் இருந்தேன். ஒலிப்பதிவு படித்து முடித்துவிட்டு, அங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களின் கலியாணங்களுக்கும் கலைவிழாக்களுக்கும் ஒலி அமைத்துக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரி என்று பெயர். அந்தப் பெயரை நானும் முழுதாக நம்பினேன்.

அந்தத் துணிவில்தான் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமிலிருந்து வந்த ஐந்து நோர்வேஜியர்களின் முதல் இசை அல்பத்தைப் பதிவு செய்ய ஒப்புக்கொண்டேன். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பிறந்த ரொக் இசை என்றால் அவர்களுக்கு உயிர். கிற்றார்கள் ஒன்றையொன்று துரத்தும். பாட்டு முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில்தான் சூடு பிடிக்கும். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். பத்து வருடம் சேர்ந்து வாசித்து, இந்த ஒரு அல்பத்துக்காக எட்டு நாள் விடுமுறை எடுத்து வந்திருந்தார்கள்.

ஆறாம் நாள் காலை, கடைசிப் பாட்டு. மற்ற வாத்தியங்கள் எல்லாம் பதிவாகிவிட்டன. அதற்கு மேல் கிற்றார்காரர் ஏழு நிமிடம் தனியே வாசிக்க வேண்டும். அவர் பேருந்து ஓட்டுபவர், அதிகம் பேசமாட்டார். நாலு முறை வாசித்தார், சரிவரவில்லை. ஐந்தாம் முறை முடித்தபோது ஒருவரும் அசையவில்லை. பாடகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் அவர்கள் மேலே சாப்பிடப் போனார்கள். கணினியில் இடம் குறைந்திருந்தது. பிழையான அந்த நாலு பதிவுகளையும் அழித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு கையில் கடித்த பாண் துண்டு, மற்றக் கையில் மவுஸ். பிரதி எடுக்காமல் எதையும் அழிக்கக்கூடாது என்பது படிப்பின் முதல் வாரமே சொல்லித் தந்த பாடம். எனக்கு அது எதற்கு? அழித்தேன்; கணினியின் குப்பைத்தொட்டியையும் காலியாக்கினேன். மிஞ்சிய ஒன்றைத் திறந்து கேட்டேன். மூன்றாவது நிமிடத்தில் விரல் வழுக்கியது. அது நாலாவது பதிவு; அதற்குப் பதில் ஐந்தாவதை அழித்திருந்தேன்.

மீட்க என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, நல்லதை அழிச்சுப்போட்டன்."

"ஆரும் பார்த்தவையோ?"

"இல்லை."

"பேந்தென்ன? கொம்பியூட்டர் பழுதாப்போச்சுது எண்டு சொல்லு. உண்மையைச் சொன்னியெண்டா இனி உன்னை ஆர் கூப்பிடப் போகினம்?"

"ஓம்" என்று சொல்லிப் போனை வைத்தேன். என்னைப் பற்றிய பயத்தில்தான் அவள் அப்படிச் சொன்னாள்.

கதவு திறந்தது. கிற்றார்காரர், கையில் இரண்டு கோப்பி. ஒன்றை எனக்கு முன்னால் வைத்தார். "இன்னொரு தடவை போடு. நான்தான் வாசித்தேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை" என்றார்.

பொய் நாக்கு நுனியில் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"அது இல்லை. நான் அழித்துவிட்டேன். கணினியில் பழுதில்லை. என் பிழை."

அவர் தன் கோப்பியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். உயரத்தில் இருந்த சின்ன யன்னலால், அவருடைய சப்பாத்துகள் பனியில் அங்குமிங்கும் நடப்பது தெரிந்தது. மற்றவர்கள் இறங்கி வந்ததும் அவர்களிடமும் சொன்னேன். பாடகர் வாய்க்கு வந்தபடி ஏசினார். ஏச அவருக்கு உரிமை இருந்தது, நின்று கேட்டேன்.

அரை மணித்தியாலம் கழித்துக் கிற்றார்காரர் திரும்பி வந்தார். விறைத்த விரல்களை ஹீட்டரில் வைத்துச் சூடாக்கிவிட்டுக் கிற்றாரை எடுத்தார்.

"பதிவு செய்."

காலையில் கேட்டது மாதிரி இல்லை. இதில் கோபம் இருந்தது. இரண்டு இடத்தில் தந்தி அறுந்துவிடுமோ என்றிருந்தது. அல்பத்தில் இருப்பது அதுதான்.

"காலையில் வாசித்தது இதைவிட நல்லது" என்றார்.

"தெரியும்" என்றேன்.

"முதலில் பிரதி எடு."

அவர் பக்கத்தில் நிற்க, இரண்டு பிரதி எடுத்தேன்.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு, அடுத்த அல்பத்துக்கு அவர்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நம்ப முடியாமல், ஏன் என்று பாடகரிடமே கேட்டேன். "நீ ஏதாவது கெடுத்தால் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். மற்றவர்களிடம் அந்த நிச்சயம் இல்லை" என்று சிரித்தார்.

இன்றும் இதுதான் என் தொழில். பிறகும் எத்தனையோ பிழைகள் விட்டிருக்கிறேன். ஆனால் விட்ட பிழையை உரியவரிடம் போய்ச் சொல்லத் தயங்கிய நாள் அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.