படத்தில இல்லாத பிள்ளை

எங்கட வீட்டில படம் பாக்கிறது சின்ன வேலை. பாத்தாப்பிறகு அதைப் பற்றிக் கதைக்கிறதுதான் பெரிய வேலை. படம் மத்தியானத்தோட முடிஞ்சிடும். கதை அடுத்த படம் வரைக்கும் இழுபடும்.

போன மாசம் ஒரு படம் பாத்தனாங்கள். கதாநாயகன் துறைமுகத்தில நிண்டு ஒரு லொறி நிறைய ஆக்களை அடிக்கிறான். எனக்கு நல்லாப் பிடிச்சுது. அப்பாவுக்குப் பிடிக்கேல்ல. அவருக்கு இஞ்ச துறைமுகத்தில, கப்பல் இழுக்கிற படகில வேலை. "அடிக்கிறது இருக்கட்டும், பின்னால நிக்கிற கப்பலை ஆர் கட்டினது? உப்பிடிக் கட்டினா விடியக்குள்ள அக்கரையில, மூதூரில போய் நிக்கும்" எண்டார். சொல்லிப்போட்டுக் கதிரையிலயே நித்திரை. எழும்பி, "முடிவு நல்லாயிருக்கு" எண்டும் சொன்னார். முடிவில எங்களுக்குக் கேட்டது அவரின்ர குறட்டை மட்டும்தான்.

அம்மாவுக்குச் சண்டையும் தெரியாது, கப்பலும் தெரியாது. அவவின்ர கண் குசினியிலதான் போகும். "அந்த வீட்டில ஒருத்தரும் சமைக்கிறேல்ல. சட்டியின்ர அடியைப் பாரன், கண்ணாடி மாதிரிக் கிடக்கு."

நான் ஓ.எல் சோதினையோட பள்ளிக்கூடத்தை விட்டனான். பள்ளிக்கூடம் என்னை விட்டது எண்டும் சிலர் சொல்லுவினம். இப்ப ஓட்டோ ஓடுறன். பின்னால இருக்கிற ஆள் ஒரு படத்தின்ர பேரைச் சொன்னாப் போதும், லிங்கநகரில இறக்க வேண்டிய ஆளை அன்புவழிபுரம் வரைக்கும் கொண்டு போயிடுவன். ஏசினா, அதுக்கும் ஒரு படத்தில இருந்து வசனம் எடுத்து விடுவன்.

ஆனா எங்கட வீட்டின்ர நீதவான் அக்காதான். எல்லாரும் சொல்லி முடியும் வரைக்கும் பேசாம இருப்பா. பிறகு தலைமயிரை அவிட்டுத் திரும்ப இறுக்கிக் கட்டுவா. அப்பிடிக் கட்டினா அந்தப் படம் துலைஞ்சுது. ஒரு படத்துக்குச் சொன்னது: "அவன் ஏன் அந்தக் கடிதத்தை வாசிக்காமக் கிழிச்சவன்? வாசிச்சிருந்தா இடைவேளைக்கு முதலே படம் முடிஞ்சிருக்கும். நாங்களும் நேரத்துக்குச் சோறு திண்டிருக்கலாம்." நான் வேணுமெண்டே கிழிச்சவன்ர பக்கம் நிப்பன். அவவுக்கு விசர் வரும். தலகணி பறக்கும். அம்மா குசினியில இருந்து ரெண்டு பேரையும் ஏசுவா. அதுதான் அப்ப எங்கட ஞாயிற்றுக்கிழமை.

போன வருசம் அக்கா கலியாணம் முடிச்சுக் கனடாவுக்குப் போயிட்டா. அங்க அவவுக்குச் சனி ராத்திரி எண்டா எங்களுக்கு ஞாயிறு காலமை. அத்தானுக்கு இரவு வேலை, அவ தனிய. நாங்கள் வீடியோ கோல் எடுத்து, கிழமைக்குள்ள பாத்த படத்தைப் பற்றிக் கதைப்பம். கதைப்பம் எண்டா, நான் கதைப்பன்.

"அக்கா, அந்தப் படம் பாத்தீங்களோ?"

"ஓம்."

"எப்பிடி?"

"நல்லம்."

நல்லமாம்! அந்தப் படத்தில கதாநாயகிக்குக் கண் தெரியாது எண்டு தொடக்கத்தில சொல்லுறாங்கள். கடைசிச் சீனில அவ ஊசியில நூல் கோக்கிறா. பழைய அக்கா எண்டா அந்தப் படம் எடுத்தவனை அந்த ஊசியாலயே குத்தியிருப்பா. இப்ப 'நல்லம்' எண்டுபோட்டு யன்னலுக்கு வெளியால பாக்கிறா. வெளியால பனி. ஒவ்வொரு கிழமையும் பனி, ஒவ்வொரு படமும் நல்லம்.

அம்மா பயந்துபோனா. "அவள் சாப்பிடேல்ல எண்டாக்கூட நான் இவ்வளவு யோசிக்கமாட்டனடா. சண்டை பிடிக்கிறேல்லயே. பிள்ளைக்கு அங்க என்னவோ செய்யுது. திரும்பி வரச் சொல்லுவமோ?"

"இஞ்சாரும், போன புதுசில எல்லாருக்கும் உப்பிடித்தான்" எண்டார் அப்பா. ஆனா அவரும் வேலையால வந்து முதல்ல கேக்கிறது அதைத்தான்.

"இண்டைக்கு என்ன சொன்னவ?"

"நல்லமாம்."

"நீர் வடிவாக் கேட்டனீரோ?"

அப்பதான் எனக்கு எங்கட பழைய படம் ஞாபகம் வந்தது.

நாங்கள் சின்னனா இருக்கேக்க பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு டிஸ்க் கடை இருந்தது. அங்க வாறதெல்லாம் கமெரா கொப்பி. ஆரோ ஒருத்தன் இந்தியாவில தியேட்டருக்குள்ள கமெராவை ஒளிச்சுக் கொண்டுபோய், திரையைப் பாத்து எடுத்தது. படம் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கும். விசில் கேக்கும், இருமல் கேக்கும். எங்களிட்ட இருந்த படத்தில ஒரு மனிசன்ர தலை திடீரெண்டு எழும்பித் திரையைக் கடந்து போகும். தலை போனா இடைவேளை கிட்ட எண்டு அர்த்தம். அம்மா தேத்தண்ணி வைக்க எழும்புவா.

அது அண்ணன் தம்பிப் படம். தம்பி வீட்டை விட்டு ஓடிப் போறான். தாய் சாகக் கிடக்கேக்க வந்து காலைப் பிடிக்கிறான். தாய் வாசல் பக்கம் கண்ணைத் திருப்புறா. அந்த இடத்தில ஒரு பிள்ளை வீரிட்டு அழும்.

அது தியேட்டரில ஆரோ கொண்டுவந்த பிள்ளை. எங்களுக்குத் தெரியாது. நாங்கள் படத்தின்ர பிள்ளை எண்டுதான் நினைச்சம். அக்கா அதுக்கு ஒரு கதையே கண்டுபிடிச்சு வச்சிருந்தா. தம்பிக்காரன் களவாக் கலியாணம் முடிச்சு, பிள்ளையும் பெத்து, அதை வாசல்ல கிடத்திப்போட்டு வந்திருக்கிறான். தாய் வாசலைப் பாத்தது பேரப்பிள்ளையைப் பாக்க. நான் அது பக்கத்து வீட்டுப் பிள்ளை எண்டுவன். அம்மாவுக்குத்தான் உண்மையான கவலை. "முதல்ல அந்தப் பிள்ளையை ஆரும் தூக்குங்கோடா. கிழவி பேந்து சாகட்டும்."

பிறகு வளந்து, கமெரா கொப்பி எண்டா என்ன எண்டு எல்லாருக்கும் விளங்கிச்சுது. ஆனா அந்தப் படத்தை மட்டும் ஒருத்தரும் திரும்பி யோசிக்கேல்ல. அந்தப் பிள்ளை தம்பிக்காரன்ர பிள்ளையாவே இருந்திட்டுது. டிஸ்க் கீறல் விழுந்து நிண்டு நிண்டு ஓட, அப்பா அதைக் கொண்டுபோய்ப் பயத்தங்காய்ப் பந்தலில குருவி கலைக்கக் கட்டிவிட்டார்.

அந்தப் படம் இப்ப நல்ல கொப்பியா நெட்டில கிடக்கு. ஞாயிறு காலமை அக்காவுக்கு அனுப்பி, போனைத் தண்ணிப் போத்தலில சாத்தி வச்சு, ஒரே நேரத்தில ரெண்டு பக்கமும் போட்டனாங்கள்.

"அட, அந்தச் சுவர் பச்சையா? நான் இவ்வளவு நாளும் சாம்பல் எண்டெல்லோ நினைச்சன்" எண்டா அக்கா. அம்மா என்ர தொடையில கிள்ளினா. சந்தோசத்தில கிள்ளினது, அப்பிடியும் நொந்தது. அண்ணன்காரன்ர மீசை ஒட்டின பசைகூடத் தெரிஞ்சுது. அதுக்கும் அக்கா சிரிச்சா. இடைவேளை வந்திட்டுது, தேத்தண்ணியைக் காணேல்ல. "என்னம்மா?" எண்டு கேட்டன். "தலை போகேல்லையேடா" எண்டா அம்மா.

கடைசியில தாய் சாகிற சீன் வந்தது. அப்பாகூட முழிச்சிருந்தார். தம்பி காலைப் பிடிச்சான். தாய் வாசல் பக்கம் கண்ணைத் திருப்பினா. நாங்கள் இஞ்ச மூண்டு பேர், அங்க ஒராள், மூச்சுவிடாமப் பாத்துக்கொண்டிருக்கிறம்.

வயலின் கேட்டுது. வேற ஒண்டும் இல்லை. தாய் செத்துப்போனா.

"பிள்ளை அழேல்ல" எண்டா அக்கா, சின்னக் குரலில.

எனக்கு வாயை வச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாது. "அக்கா, உங்கட பிள்ளை தியேட்டரில ஆற்றையோ பிள்ளை. அதுக்கு அப்பவே பால் குடுத்து வீட்ட கொண்டு போயிருப்பினம். இப்ப அதுக்கு மீசையும் முளைச்சிருக்கும்."

நான் மட்டும்தான் சிரிச்சன். "எனக்கு நித்திரை வருது" எண்டுபோட்டு அக்கா கோலை வெட்டிப்போட்டா. அம்மா அகப்பையோட எழும்பினா. "அங்க ஒரு பிள்ளை தனியக் கிடந்து துடிக்குது, உனக்குப் பகிடி! உன்ர வாயிலதான் சூடு போடவேணும்." அப்பா படம் முடிய முதலே டீவியை நிப்பாட்டினார். அவர் ஏசியிருந்தாப் பறவாயில்லை.

அடுத்த நாள் ஓட்டோவில ஏறினவனெல்லாம் "என்ன தம்பி, சுகமில்லையோ?" எண்டு கேட்டான். நான் ஒருத்தரையும் நக்கலடிக்கேல்ல.

பின்னேரம் வீட்ட வர, அக்காவின்ர வொயிஸ் மெசேஜ் ஒண்டு வந்தது. நல்ல நீளம். அழுகிறாவாக்கும் எண்டு எனக்கு அமத்தப் பயம். போனை அம்மாவிட்டக் குடுத்தன். அவ மாக் கையோட அமத்தினா.

"டேய் கழுதை! ஆற்றையோ பிள்ளையோ? நான் விடிய விடிய அந்தச் சீனைத் திருப்பித் திருப்பிப் பாத்தனான். அவன்ர தோளில என்ன கிடக்கு எண்டு பாத்தனியா? துவாய்! பிள்ளை துடைக்கிற சின்னத் துவாய்! பிள்ளை இல்லாதவன் ஏனடா சின்னத் துவாயோட திரியிறான்? வெட்டிப்போட்டாங்கள். நல்ல கொப்பி எண்டு சொல்லிப் பிள்ளையை வெட்டிப்போட்டாங்கள். உனக்கெங்க விளங்கப்போகுது, கணக்கில கோட்டை விட்டவன்தானே நீ..."

அதோட நிக்கேல்ல. இவ்வளவு நாளும் நல்லம் எண்டு சொன்ன படங்களை ஒண்டொண்டா எடுத்து உரிச்சா. ஒண்டில பேய்க்கு அறிவில்லையாம். இன்னொண்டில பொலிஸ்காரனுக்குப் பேய்க்கிருந்த அறிவும் இல்லையாம். நடுவில ஒருக்கா மூச்சு வாங்கினா. "இஞ்ச ஒருத்தரும் படம் பாத்தாக் கதைக்கிறேல்லயடா. உன்ர அத்தான் முடிஞ்சவுடன 'ஆ' எண்டுபோட்டு எழும்பிப் போறார். நான் ஆரோட கதைக்கிறது, பனியோடையோ?" எண்டா. பிறகு திரும்ப என்னை ஏசத் தொடங்கினா.

அப்பா வேலையால வந்தவர், தலையில ஹெல்மெட்டைக் கழட்டாமலே வாசல்ல நிண்டு முழுக்கக் கேட்டார். "நல்லாத்தான் ஏசுறாள்" எண்டார். சொல்லிப்போட்டு ஹெல்மெட்டோடயே வந்து கதிரையில இருந்தார்.

அம்மா அதைத் திரும்ப முதல்ல இருந்து போட்டா. மூண்டாந்தரமும் போட்டா. போன் முழுக்க மா. பிறகு என்ர கையில தந்து, "மறுமொழி போடு" எண்டா.

"என்னண்டு?"

"அப்ப அந்தப் பிள்ளையின்ர தாய் எங்க போனவ எண்டு கேள். நல்லா நக்கலாக் கேள். மரியாதையாக் கேட்டா 'நல்லம்' எண்டுபோட்டு விட்டிடுவாள்."