பந்தய உடுப்பின் மஞ்சள் கறை

என் கணவருக்கு நாற்பத்தாறு வயது. வாரம் முழுக்க ஈப்போவில் ஒரு கிடங்கில் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு பழைய காரை எடுத்துக்கொண்டு பந்தயத் தடத்துக்குப் போய்விடுவார். இதுவரை ஒரு பரிசுகூட வாங்கியதில்லை. இந்த வயதில் இது தேவையா என்று கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. நிறுத்த முடியாதவளுக்கு மிஞ்சியது, போகிறவருக்கு ஒழுங்கான உடுப்பாவது வாங்கிக் கொடுப்பது. நான் தாதி. தீக்காய வார்டில் பல வருடமாக இருக்கிறேன். உருகிய துணியைத் தோலிலிருந்து பிரித்தெடுப்பது எப்படி என்று வீட்டில் சொன்னால் யாருக்கும் சோறு இறங்காது. அதனால் சொல்வதில்லை.

கடையில் அவர் நிறம் பார்த்தார், நான் லேபிள் பார்த்தேன். காரின் நீலத்துக்குப் பொருத்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் மாப்பிள்ளை மாதிரி நின்றார். அதன் உள்துணி தீப்பிடிக்கும், கார் பந்தயத்துக்கு வேறு ஹெல்மெட் என்று கடைக்காரர் சொன்னதும் முகம் தொங்கிப்போனது. அடுத்து, உடுப்புக்குள் போடும், தீயில் உருகாத நீளக்கை பனியனுக்குச் சண்டை.

"வேர்த்து ஊத்தும். பந்து வெளையாடுற ஜெர்சியே போதும்லா."

"ஜெர்சி உருகி ஒட்டிக்கும். இதப் போட்டுக்கிட்டு போங்க, இல்லாட்டி வீட்டுல இருங்க."

முனகிக்கொண்டே வாங்கினார். உடுப்பு மட்டும் வெள்ளையாக வேண்டும் என்றார். தீப்பிடிக்காத மருந்து ஏற்றிய பருத்தி, உள்ளே முத்திரையும் சரியாக இருந்தது. எனக்கும் நின்று நின்று கால் கடுத்தது, சரி என்றேன்.

புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். உடுப்பையும் கொண்டுபோனோம். சித்தியவான் பக்கம் அவர் பிறந்த தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய்ச் செம்பனை, முனியாண்டி கோயில் மட்டும் மிச்சம். பூசாரி தாராள மனசுக்காரர். ஹெல்மெட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். உடுப்பின் மேல் வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரை அள்ளித் தெளித்தார். நெஞ்சில் தட்டு அகலத்துக்குக் கறை.

சாமி மஞ்சள்தானே, இருக்கட்டும் என்றார் இவர். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. இரவு வேலை முடிந்து வந்த ஒரு காலையில், என் சீருடைக்குப் போடும் பிளீச்சில் அதையும் ஊறவைத்தேன். கறை அசையவில்லை. ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் அப்படியே துவைத்தேன். ஒருவழியாக வெளுத்தது. துணிக்கு வாசனையும் மென்மையும் தருகிற திரவத்தில் அலசி வெயிலில் காயப்போட்டபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் பந்தயம். அவருக்குத் தொப்பை விழுந்துவிட்டதால் உடுப்பின் அளவைப் பார்க்க லேபிளைத் திருப்பினேன். அதன் அடியில் இன்னொரு லேபிள் இருந்தது. முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி: பிளீச் கூடாது. வாசனைத் திரவமும் கூடாது. மீறினால் மருந்து போய்விடும், துணி தீயைத் தாங்காது. வார்டில் ஒரு மாத்திரை கொடுக்க மூன்று முறை லேபிள் படிக்கிறவள் நான்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திடுக்கிடவே இல்லை.

"தெரியும்," என்றார். "கூட ஓட்டுற ஒருத்தன் மோந்து பாத்துட்டு சொன்னான். என்னண்ணே, வாசம் தூக்குது, துவச்சு மருந்த போக்கிட்டீங்களேன்னு."

"தெரிஞ்சுமா போட்டீங்க?"

"அவன் சொன்னப்புறம் மூணு ரேஸ்தான். நீ ராத்திரி வேல முடிஞ்சு வந்து, தூங்காம நின்னு துவச்ச. ஒங்கிட்ட எப்படி சொல்றது?"

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. என் மனசு நோகக்கூடாது என்று இந்த மனுஷன் எரிந்துபோகத் துணிந்திருக்கிறார். அதை அன்பு என்று எடுத்துக்கொள்ள அன்று எனக்குத் தெம்பில்லை. சமையலறைக்குப் போய்ப் பெரிய கத்தரிக்கோலை எடுத்து வந்தேன்.

"நாளைக்கு ரேஸ் இருக்கு," என்றார் மெதுவாக.

"இருக்கட்டும்."

கைப்பகுதியிலிருந்து வெட்ட ஆரம்பித்தேன். துணி தடிமன், கத்தரி வழுக்கியது. அவர் எதிரே வந்து உட்கார்ந்து, நான் வெட்ட வசதியாக மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.