மூன்றாம் டிகாஷன்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த திருவண்ணாமலை வீட்டில், காலை ஆறு மணிக்கு மூன்று பேர் ஒரு பித்தளை ஃபில்டரின் தயவுக்காகக் காத்திருப்போம்: மாமனார், என் கணவர், நான். ஃபில்டருக்குக் காவல் என் நாத்தனார், கணவரின் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். நேரில் அண்ணி, வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். மனசுக்குள் எப்போதும் அவள்தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். இனிமேல் மரியாதை கொடுத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது.

கொட்டை வறுப்பது, கைமெஷினில் அரைப்பது, பொடியை அழுத்தி வெந்நீர் ஊற்றுவது எல்லாம் அவள் கைதான். ஊற்றிவிட்டு ஃபில்டரைக் கரண்டியால் தட்டித் தட்டிப் பார்ப்பாள். "இன்னும் எறங்கலப்பா" என்று அவள் சொன்னால் மாமனாரே மறுபேச்சில்லாமல் பேப்பரைத் திருப்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டிய டீச்சர். வீட்டில் இருந்தது ஒரே ஒரு திரி ஸ்டவ். அது ஏழு மணி வரைக்கும் அவள் வசம்.

முதல் டிகாஷன் ஆண்கள் இரண்டு பேருக்கு. அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் இறங்கும் இரண்டாவது, எனக்கு. மூன்றாவது முறை ஊற்றினால் வருவது வெறும் செந்தண்ணீர். அதில் பால் பாத்திரத்தைக் கழுவி ஊற்றி, கொல்லைக் கதவோரம் உட்கார்ந்து அவள் குடிப்பாள். யாரும் சொல்லி வந்த வழக்கமில்லை. அவளாகவே வைத்துக்கொண்டது, நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். அவள் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தாள். சமையலறை என் கைக்கு வந்தது. எங்கள் அம்மா வீட்டில் ஃபில்டரே கிடையாது. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி, பொடியைப் போட்டு ஒரு கலக்குக் கலக்கித் தட்டால் மூடிவிட வேண்டியது. ஐந்து நிமிஷம் கழித்து மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டினால் தீர்ந்தது. பொடி புதிதாக இருந்தால் போதும், மணம் தெருவாசல் வரைக்கும் போகும்.

மாமனார் ஒரு வாய் குடித்தார். "இதுவே நல்லாத்தான் கீது. இன்னாத்துக்கு இவ்ளோ நாளா அவ்ளோ நேரம்?" என்றார். உள்ளே படுத்திருந்தவளுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் நானும், "நேரமும் கம்மி மாமா, பொடியும் கம்மி" என்று குரலை உயர்த்திச் சொன்னேன். அன்றைக்கே ஃபில்டரைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினேன். வறுக்கிற, அரைக்கிற வேலையை மட்டும் அவளுக்கே விட்டுவைத்தேன். அது தோள் கழன்றுபோகிற வேலை.

மூன்று டம்ளருக்குத்தான் தண்ணீர் அளந்தேன். இதில் முதலில் சூது ஒன்றுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து கூடத்துக்கு மூன்று டம்ளர் வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். என் முறையில் பொடி மொத்தமும் ஒரே கொதியில் சாரத்தை விட்டுவிடும். இரண்டாவதும் கிடையாது, மூன்றாவதும் கிடையாது. காய்ச்சல் விட்டு அவள் எழுந்து வந்த மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது: இவளுக்குக் காபி இல்லை.

நான்காவது டம்ளர் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் வைக்கவில்லை. அவள் வாயைத் திறந்து என்னிடம் கேட்க வேண்டும் என்று இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. கேட்டுவிட்டால் அந்தச் சமையலறை என்னுடையது என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

அவள் கேட்கவில்லை. நெற்றியில் சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு மெஷினைச் சுற்றினாள். தினமும் குடித்தவர்களுக்குக் காபி நின்றால் எந்தத் தலைவலி வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். "கண்ணாடி போடணுமோ என்னமோ அண்ணி" என்றேன். கூடப் பிறந்த தம்பி, எதிரில் உட்கார்ந்து குடித்த மனுஷன், நீ குடிச்சியா அக்கா என்று ஒரு நாள் கேட்டதில்லை.

பள்ளிக்கூடம் அரைநாள் விட்ட ஒரு மத்தியானம், சீக்கிரம் வீடு திரும்பினேன். ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. காலையில் நான் முருங்கை மரத்தடியில் கொட்டிய சக்கையை வழித்தெடுத்து வந்து, சொம்பில் போட்டுக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவசரமாக ஸ்டவ்வை அணைத்தாள். "வீணாத்தானே போவுதுன்னு... தலைவலி தாங்கலம்மா" என்றாள்.

"ஐயோ, கேட்டா நான் தரமாட்டேனா அண்ணி?" என்றேன், தேனொழுக.

மறுநாள் காலை அவள் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். நேற்று நான் சொன்ன சொல்லை நம்பி வந்திருக்கிறாள் என்று புரிந்தது. மூன்று டம்ளரில் ஊற்றினேன். நின்றவள் எதையோ தேடுவது போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து சக்கையை மரத்தடியில் கொட்டவில்லை. பாத்திரம் தேய்க்கிற சாம்பலில் போட்டுப் பிசைந்துவைத்தேன். அவள் பார்க்கும்படியாகத்தான் பிசைந்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை இன்றைக்கு மறைத்துப் பிரயோஜனமில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். கீழ்பென்னாத்தூரில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் பிரசவம், கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். "நான் போறேன்பா" என்றாள். எத்தனை நாளைக்கு என்று மாமனார் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். போகாதீங்க என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பாள்.

பஸ் ஏற்றிவிட நானும் கணவரும் போனோம். பஸ் வர நேரமாயிற்று. கணவர் எதிர்க்கடைக்குப் போய், அந்த மனுஷனுக்கு என்ன தோன்றியதோ, மூன்று காபி வாங்கிவந்து ஒன்றை அக்காவிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எனக்கா?" என்று கேட்டாள்.

தம்பி கொடுக்கிற காபிக்கு என்னிடம் கேட்கிறாள். இத்தனை நாள் நான் காத்திருந்த வார்த்தை. சரி என்று தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"வெறும் வயித்துல பஸ்ல போறீங்க அண்ணி. வாந்தி வந்துடும்" என்றேன்.

"ஆமாமா, அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அவள் பஸ் வருகிற பக்கம் போய் நின்றாள். கணவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். ஆறிப்போய்விடும் என்று அதையும் நான்தான் வாங்கிக் குடித்தேன்.