கலைத்துப் போட்டு ஓட்டுகிறவள்

முப்பிடாதி அக்காவுக்கு வாய் நீளம் என்று எங்கள் ஆபீஸில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அவள் காதில் விழும்படியே.

மட்டாஞ்சேரி பஸார் ரோட்டில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். கீழே இன்னமும் மூட்டை இறங்கும். மேலே நாங்கள் தும்மிக்கொண்டே சாஃப்ட்வேர் எழுதுவோம். ஐந்து பேர் எழுதுகிறோம், முதலாளி வெங்கிடேஷ் ஸார் விற்கிறார், அக்கா குற்றம் கண்டுபிடிக்கிறாள். ஏழு பேரில் கெட்ட பெயர் அவளுக்கு மட்டும்தான்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெயர் அது. ஆள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே பக்கத்துச் சுள்ளிக்கல்லில். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், பெயர் வாயில் நுழையவில்லை என்று மினி என்று சுருக்கிக் கூப்பிட்டாராம். ஒன்பது வயசுப் பெண் மூன்று வாரம் ஆஜர் சொல்லவில்லை. தினமும் வகுப்பில் உட்கார்ந்திருந்தவளுக்கு ரிஜிஸ்டரில் மூன்று வாரம் லீவு. கடைசியில் டீச்சர்தான் முழுப் பெயரையும் சொல்லக் கற்றுக்கொண்டார். பிறகு டிப்ளமோ, தோப்பும்படியில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் நாலு வருஷம் டோக்கன் எழுதும் வேலை, அதற்கப்புறம் எங்களிடம். அப்பாவுக்கு முதுகு ஒடிந்து படுத்ததிலிருந்து வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பழையது எதுவும் உடைந்துவிட்டதா என்று பார்க்க, எழுதி வைத்த சோதனைகள் அத்தனையையும் மறுபடி ஓட்ட வேண்டும். அதுதான் அவள் வேலை. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடிப்பாள். அதன் வாலில் இரண்டு சின்னக் கோடு போட்டு, எப்படி ஓட வேண்டும் என்றும் சொல்லலாம்: முதல் தோல்வியிலேயே நில், இன்னதை விட்டுவிடு, வளவளக்காமல் ஓடு. எங்களுக்குப் பிரியமானது விட்டுவிடச் சொல்லும் ஸ்கிப். அவளுக்குப் பிரியமானது ஷஃபிள். சோதனைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துவிட்டு ஓட்டும். ஒவ்வொரு கலைப்புக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்தால் அதே கலைப்பு மறுபடி வரும். ஏதோ ஒரு தடவை தப்பாக வந்துவிட்டது என்று யாரும் நழுவ முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை கலைத்து ஓட்டினபோது அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று சிவப்பாக வந்தது. குழந்தையின் எடைக்கு எவ்வளவு மருந்து என்று டாக்டருக்குக் கணக்கிட்டுச் சொல்லும் புரோகிராம் அது. எடை பார்க்காத குழந்தையின் பக்கத்தைத் திறந்தால் ‘எடை இல்லை’ என்று அது நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. முந்தின குழந்தையின் எடையை வைத்துக்கொண்டு அளவு சொன்னது. வரிசையாக ஓட்டினால் இந்தச் சோதனைதான் முதலில் வரும், அதற்கு முன் குழந்தையே கிடையாது, எல்லாம் பச்சை. அந்தப் பகுதியை எழுதியவன் நான்.

“டெஸ்ட்தான் தப்பு அக்கா,” என்றேன். பார்க்கக்கூட இல்லை, சொல்லிவிட்டேன்.

வெங்கிடேஷ் ஸார் எட்டிப் பார்த்தார். “வரிசையா ஓட்டினா பாஸ் ஆறதோல்லியோ? அப்படியே ஓட்டிக் கையெழுத்துப் போட்டுக் குடு. திங்கட்கிழமை வைப்பின் கிளினிக்ல இன்ஸ்டால் பண்ணணும். என்னத்துக்கு இந்த வம்பு?”

“கொழந்தைங்க வரிசையாவா வரும், ஸார்?” என்றாள் அக்கா.

“எடை பார்த்துட்டுத்தானே உள்ள அனுப்புவா.”

“ஃபிட்ஸ் வந்த கொழந்தைய எடை பாத்துட்டா அனுப்புவாங்க? நான் டோக்கன் எழுதினவ, ஸார். வாசல்லேர்ந்து நேரா உள்ள தூக்கிட்டு ஓடுவாங்க. பதினெட்டுக் கிலோப் பிள்ளையோட மருந்து நாலு கிலோப் பிள்ளைக்குப் போவும்.”

“பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்காதே. போடப் போறியா இல்லையா?”

“இல்ல.”

“அப்போ திங்கட்கிழமைலேர்ந்து வர வேண்டாம்.”

அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஸார் என் பக்கம் திரும்பினார். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஷஃபிள் இல்லாமல் ஓட்டி, பச்சையாக வந்த ரிப்போர்ட்டில் ஷமீல் என்று கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் போட்டேன்.

திங்கட்கிழமை காலை ஸாரும் நானும் வைப்பினுக்கு வண்டியும் ஆளும் ஏற்றிப் போகும் ஜங்கார் படகில் ஏறினால் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“நீ எங்கே வரே?” என்றார் ஸார்.

“வைப்பினுக்கு. ஜங்கார் நம்ம ஆபீஸோடது இல்லையே, ஸார்.”

கிளினிக்கில் டாக்டர் லதீஃபாவின் கம்ப்யூட்டரில் புரோகிராமை ஏற்றினேன். ஸார் ரிப்போர்ட்டை நீட்டினார். டாக்டர் அதைப் பார்ப்பதற்குள் வாசல் பக்கமிருந்து அக்கா சொன்னாள்: “டாக்டர், மொதல்ல பதினெட்டுக் கிலோன்னு ஒரு கொழந்தைய எழுதுங்க. அடுத்து எடை போடாம ஒரு கைக்குழந்தையோட பக்கத்தத் தொறங்க.”

டாக்டர் அப்படியே செய்தார். திரையில் பதினெட்டுக் கிலோவுக்கான அளவு வந்தது. அவர் மௌஸிலிருந்து கையை எடுத்து, ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஷமீல்னு போட்டிருக்கு. நீங்கதானா?”

“சின்ன விஷயம், டாக்டர்,” என்று ஆரம்பித்தார் ஸார்.

“சின்னது இல்ல,” என்றேன். “நான் எழுதினதுதான் தப்பு. அக்கா வெள்ளிக்கிழமையே கண்டுபிடிச்சாங்க. நான் வரிசையா ஓட்டி மறைச்சேன்.”

டாக்டர் ரிப்போர்ட்டை மடித்து ஸாரின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “இந்தம்மா கையெழுத்து இல்லாம இனிமே இங்க எதையும் கொண்டு வராதீங்க. இதை இப்பவே அழிச்சிட்டுப் போங்க.”

திரும்பும்போது ஜங்காரில் ஸாரே அக்காவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். பிறகு, “நாளைக்கு வந்துடு,” என்றார்.

“வாரேன். வந்தவுடனே வரிசையா ஓட்டுற வழியையே எடுத்துருவேன். கலைச்சு மட்டுந்தான் ஓடும். சம்மதம்னா வாரேன்.”

ஸார் தலையாட்டினார். வேறென்ன செய்வார்?

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. டாக்டர் முன்னால் உண்மையைச் சொன்னவன் நான்தானே. ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வாள் என்று அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“ஷமீலே, அந்தப் பச்சை ரிப்போர்ட் மூணு நாளு இருந்துச்சு,” என்றாள். “டாக்டரு சனிக்கிழமையே ஏத்தச் சொல்லி, நானும் அங்க வராம இருந்திருந்தா, நீ யாரு முன்னால சொல்லிருப்ப?”

எனக்குக் கோபம் வந்தது. அவள் கேட்டது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.